நோய் வந்துபோன மீன்தொட்டி: கழுவுவதா, காத்திருப்பதா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை உலுக்கிய வாரம், எங்கள் தெருவில் இரண்டரை நாள் மின்சாரம் இல்லை. கூடத்தில் இருந்த மூன்றடித் தொட்டியில் ஏர் மோட்டாரும் ஃபில்டரும் நின்றுபோயின. மணிக்கொரு தரம் சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். மின்சாரம் வந்தபோது இரண்டு மோலிகள் மட்டும் செத்திருந்தன. தப்பித்தோம் என்று நினைத்து, அந்த வாரமே ஒரு கடையிலிருந்து ஆறு புது மோலிகளை வாங்கி வந்தேன். பாக்கெட்டைக் கால் மணி நேரம் மிதக்க விட்டுவிட்டு, மீன்களை அப்படியே உள்ளே விட்டேன்.

ஆறாம் நாள் காலை ஏஞ்சல் மீனின் வாலில் பொடி உப்பைத் தூவினதுபோல் நான்கு புள்ளிகள் இருந்தன. மறுநாள் அவை நாற்பது ஆயின. இரண்டு வாரத்தில் இரண்டு பேர்ல் கௌராமி தவிர ஒன்றும் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கௌராமிகளை ஒரு பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றிவிட்டு, தொட்டி, கூழாங்கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச், குழாய் எல்லாவற்றையும் ப்ளீச்சிங் பவுடரில் ஊறவைத்துத் தேய்த்தேன். தொட்டி புதிதுபோல் பளபளத்தது. மூன்றாம் நாள் பன்னிரண்டு மீன் விட்டேன். பத்து நாளுக்குள் எட்டு செத்தன. ஒன்றின் உடம்பிலும் வெள்ளைப் புள்ளி இல்லை. மேல் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின, செவுள்கள் சிவந்திருந்தன, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தன. நோய் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். வந்தது நோய் இல்லை, அமோனியா. முதல் சாவுக்கு ஒட்டுண்ணி காரணம். இரண்டாம் சாவுக்கு நான் தேய்த்துக் கழுவியதே காரணம்.

வீட்டில் மீன் வளர்ப்பவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் மூன்று விதமான பதில் வரும். எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி, கல்லைக்கூட மாற்றிவிட்டுப் புதிதாக ஆரம்பி என்பது ஒன்று. ஒன்றும் செய்யாதே, தண்ணீரில் பாதி மாற்றி, கல் உப்பு போட்டு, ஒரு வாரம் விட்டு மீனை விடு என்பது இன்னொன்று. மூன்றாவது, தொட்டியை மீனில்லாமல் ஓடவிட்டுக் காத்திரு என்பது. மூன்றும் யாரோ ஒருவருக்குப் பலித்திருக்கிறது. அதனால்தான் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. எந்த நோய்க்கு எது பலித்தது என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. கழுவுவதா, காத்திருப்பதா என்பதை நோயின் பெயர்தான் முடிவு செய்ய வேண்டும். பெயர் தெரியாமல் எடுக்கும் எந்த முடிவும் சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான்.

வெண்புள்ளி நோயிலிருந்து தொடங்கலாம். வீட்டுத் தொட்டிகளில் மிக அதிகம் வருவதும், மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அதுதான். இக்தியோஃப்தீரியஸ் என்ற ஓரணு உயிரி. 1876ல் ஃபூகே என்ற பிரெஞ்சுக்காரர் இதை விவரித்துப் பெயரிட்டார். நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்று கொழுக்கும் உயிரி. தோல் அதற்குப் போர்வை. அதனால் தண்ணீரில் கலக்கும் எந்த மருந்தும் அந்தக் கட்டத்தில் அதைத் தொடாது. கொழுத்து முடிந்ததும் மீனை விட்டு உதிர்ந்து, கல்லிலோ இலையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, பசை போன்ற உறை ஒன்றைச் சுற்றிக்கொள்கிறது. அந்த உறைக்குள்ளும் மருந்து போகாது. உள்ளே அது இரண்டாக, நான்காகப் பிரிந்துகொண்டே போய் சில நூறு, சமயத்தில் ஆயிரம் குஞ்சு உயிரிகளாக வெடித்து வெளியே வருகிறது. அவை நீந்தித் தேடி இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் செத்துப்போகும். மருந்து கொல்வது இந்த நீந்தும் கட்டத்தை மட்டும்தான். முதல் நாள் மருந்துக்குப் புள்ளிகள் உதிர்ந்ததும் குணமாகிவிட்டது என்று நிறுத்துபவர்கள் தோற்பது இதனால்தான். உதிர்ந்த புள்ளி ஒவ்வொன்றும் அடியில் போய் நூறாகப் பெருகிக்கொண்டிருக்கும்.

இந்தச் சுற்று 25 பாகை செல்சியஸில் ஏறக்குறைய ஒரு வாரம். நம் ஊரில் தொட்டித் தண்ணீர் 28, 29 என்று நிற்கும்போது மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். 30 பாகையைத் தாண்டினால் பெரும்பாலான வகைகளுக்குப் பெருகும் சக்தி குறைந்துவிடுகிறது. மார்கழியில் இரவுத் தண்ணீர் 24க்கு இறங்கும்போது சுற்று நீள்கிறது, மீனின் எதிர்ப்புச் சக்தியும் தளர்கிறது. சென்னையில் வெண்புள்ளி மழைக்காலத்தில் கூடுதலாகத் தலைகாட்டுவது இதனால்தான்.

வெண்புள்ளி எப்போதும் எல்லாத் தொட்டியிலும் தூங்கிக்கொண்டிருக்கிறது, மீன் களைத்ததும் எழுந்துகொள்கிறது என்று பலர் நம்புகிறார்கள். கல்லுக்கடியில் மாதக்கணக்கில் தூங்கும் கட்டம் எதுவும் இந்த உயிரிக்கு இல்லை. மீன் இருந்தால்தான் அது இருக்கும். பிழைத்த மீனின் செவுளில் கண்ணுக்குத் தெரியாமல் சொற்ப அளவில் தங்கி, சுற்றைத் தொடர்ந்துகொண்டிருக்க முடியும். அதைத்தான் தூங்குகிறது என்று எண்ணிவிடுகிறோம். இதிலிருந்து ஒரு முடிவு நேராக வருகிறது. வெண்புள்ளி வந்த தொட்டியில் மீன் ஒன்றும் இல்லையென்றால், எதையும் கழுவ வேண்டியதில்லை. 28 பாகையில் ஃபில்டரை ஓடவிட்டு இரண்டு வாரம் சும்மா விட்டால் போதும். மூன்று வாரம் விட்டால் சந்தேகமே வேண்டாம். நான் தேய்த்த கல் ஒவ்வொன்றும் தேய்க்கத் தேவையில்லாத கல்.

மீன் மேல் பொன்துகள் தூவினதுபோல் வரும் வெல்வெட் நோய்க்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். அந்த ஒட்டுண்ணிக்கும் மீன் வேண்டும்.

காலம்னாரிஸ் வேறு கதை. 1922ல் மிசிசிப்பி ஆற்று மீன்களில் டேவிஸ் என்பவர் கண்டு எழுதிய பாக்டீரியா நோய் அது. வாயோரத்தில் பஞ்சு ஒட்டினதுபோல் வரும். முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய பட்டை வரும். கடைக்காரர்கள் பூஞ்சை என்று சொல்லிப் பூஞ்சை மருந்து கொடுப்பார்கள், மீன் இரண்டு நாளில் போய்விடும். இது சூட்டை விரும்பும் கிருமி. வெண்புள்ளிக்காக ஹீட்டரை 31க்கு ஏற்றுகிறோம் அல்லவா, கூடவே காலம்னாரிஸ் இருந்தால் அந்தச் சூடு அதற்கு விருந்து. மீன் இல்லாமலும் தண்ணீரிலும் கசட்டிலும் கொழகொழப்புப் படலத்திலும் இது நெடுநாள் பிழைக்கும். கடினத்தன்மை கூடிய, அழுக்கு மிகுந்த தண்ணீர் இதற்குத் தோது. நம் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டியதில்லை. ஆகவே இங்கே வெறும் காத்திருப்பு உதவாது. கசட்டை முழுக்க உறிஞ்சி எடுத்து, கல்லையும் கண்ணாடியையும் கிருமிநீக்கம் செய்து, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். காய்ந்துபோவதை இது தாங்காது.

நியான் டெட்ராவின் நிறம் பட்டை பட்டையாக வெளிறி, முதுகு வளைந்து, கூட்டத்தை விட்டு ஒதுங்கினால், அது தசைக்குள் புகும் நுண்வித்து உயிரியாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. செத்த மீனை மற்றவை கொத்தித் தின்னும்போது பரவுகிறது; பிணத்தை உடனே எடுப்பது ஒன்றுதான் கையில் இருக்கும் வழி. தங்கமீன்களில் ஹெர்பீஸ் வைரஸ் ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் முதலில் அறியப்பட்டு, பிறகு இந்தியாவிலும் கண்டறியப்பட்டது. பிழைத்த தங்கமீன் பார்க்க நலமாகவே இருக்கும், ஆனால் வைரஸைச் சுமந்துகொண்டிருக்கும். பக்கத்தில் புதுத் தங்கமீன் வந்தால் சாவது புதியதுதான். புதிய மீன் நோயைக் கொண்டுவந்தது என்று பழி அதன்மேல் விழும்.

நான் மிகவும் பயப்படுவது மீன் காசநோயைப் பார்த்துத்தான். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமியை 1926ல் பிலடெல்ஃபியா மீன்காட்சியகத்தில் செத்த மீன்களிலிருந்து ஆரன்சன் பிரித்தெடுத்தார். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில கிருமிகளும் இதே வேலையைச் செய்யும். இது கூட்டமாகக் கொல்லாது. மாதத்துக்கு ஒரு மீன் என்று எடுக்கும். நன்றாகத் தின்றுகொண்டிருந்த மீன் வயிறு ஒட்டி, முதுகு வளைந்து, ஆறாத புண்ணோடு ஒருநாள் மூலையில் கிடக்கும். வயசாகிவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிடுவோம். அடுத்த மாதம் இன்னொன்று. இந்தக் கிருமியின் செல்சுவர் மெழுகுபோல் இருப்பதால் சாதாரண அளவுக் குளோரினுக்கு எளிதில் மசியாது. 70 விழுக்காடு ஆல்கஹாலுக்குச் சாகும். இந்த நோய் உறுதியானால் மட்டும் முதல் கட்சிக்காரர்கள் சொல்வது சரி. கல், மரத்துண்டு, செடி, ஸ்பாஞ்ச் எல்லாம் குப்பைக்குப் போக வேண்டும். கண்ணாடியைக் கழுவிக் காயவைத்து ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.

இது மனிதருக்கும் வரும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். விரலில் சிறு கீறலோடு தொட்டியில் கை விட்டால், சில வாரம் கழித்து அந்த இடத்தில் வலியில்லாத சிவந்த கட்டி வரலாம். ஆறாமல், கையில் மேல்நோக்கி வரிசையாகப் பரவலாம். 30 பாகைச் சூட்டில் செழிக்கும் கிருமி என்பதால் உடம்பின் உள்சூட்டை விட்டுக் கை விரல்களிலேயே தங்குகிறது. குணப்படுத்தலாம், ஆனால் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். நாள்கணக்காகக் கையில் உள்ள கட்டி ஆறவில்லை என்றால், வீட்டில் மீன் வளர்க்கிறேன் என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவராகக் கேட்கத் தோன்றாது. கையில் கீறல் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டியைத் தொடாதீர்கள். சைஃபன் குழாயை வாயால் உறிஞ்சுவதையும் விட்டுவிடுங்கள். நானும் இருபது வருஷம் அப்படித்தான் உறிஞ்சினேன்.

பெயரை எப்படித் தெரிந்துகொள்வது? செத்து ஊறிய மீன் எதையும் சொல்லாது. சாகும் தறுவாயில் இருக்கும் மீன், அல்லது செத்துச் சில நிமிடமே ஆன மீன் சொல்லும். செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் நிறம் தெரியும். செல்போனில் கிட்டத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் புள்ளியா, துகளா, பஞ்சா என்பது தெரியும். நாளுக்கு எத்தனை செத்தன, எந்த வகை முதலில், கடைசியாக எந்த மீன் எப்போது வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால் பாதி விடை அதிலேயே இருக்கும். பல மீன் ஒரே இரவில் செத்தால் நோயைத் தேடுவதற்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள். சென்னைக்காரர்களுக்கு மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் இருக்கிறது. மீனைப் பனிக்கட்டியில் வைத்து எடுத்துப்போக வேண்டும். ஃப்ரீஸரில் உறையவைத்தால் திசு சிதைந்து பயனில்லாமல் போகும். இருபது ரூபாய் மீனுக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு, அடுத்து வாங்கப்போகும் இருபது மீனுக்காகத்தான் என்று சொல்வேன்.

இனி, மீனைவிட முக்கியமான குடித்தனக்காரர்களுக்கு வருவோம். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மீந்த தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. ஃபில்டரில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி இந்த நுண்ணுயிர்களை முதலில் பிரித்தறிந்தார். நெடுங்காலம் பாடநூல்கள் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரண்டு பெயரையே சொல்லிவந்தன. 1998ல் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்தவர்கள், இரண்டாம் வேலையைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று காட்டினார்கள். 2011ல் வந்த ஆய்வில், பல நன்னீர்த் தொட்டி ஃபில்டர்களில் முதல் வேலையைச் செய்வது பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற வேறொரு உயிர்க் குலம் என்று தெரிந்தது. 2015ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை ஒரே செல்லுக்குள் முடிக்கும் நைட்ரோஸ்பைராவைக் கண்டுபிடித்தன. ஒரு குழுவுக்கு அது கிடைத்த இடம் மீன்வளர்ப்பு ஃபில்டர். நூறு ஆண்டுக்கு மேலாக இரண்டு உயிரிகள் பங்குபோட்டுச் செய்வதாக நம்பிய வேலையை ஒன்றே தனியாகச் செய்துகொண்டிருந்திருக்கிறது. அப்படிப்பட்ட உயிர்கள் வாழும் பழுப்பு ஸ்பாஞ்சைத்தான் நாம் அழுக்கு என்று குழாயடியில் பிழிகிறோம்.

இந்த உயிர்கள் மெல்லப் பெருகுபவை. புதுத் தொட்டியில் இவை போதுமான அளவுக்கு வர நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை அமோனியா தேங்கும். அது எவ்வளவு கொல்லும் என்பது தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. 30 பாகையில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவுதான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அதுவே ஏழு எட்டு விழுக்காடு. எங்கள் போர் தண்ணீரின் பிஎச் 8.2. நான் மூன்றாம் நாள் விட்ட பன்னிரண்டு மீனும் எதில் நீந்தின என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அமோனியா கட்டத்தைத் தாண்டினாலும் நைட்ரைட் கட்டம் இருக்கிறது. மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சை அடைப்பது அது. இந்த ஒரு இடத்தில் கல் உப்பு உண்மையாகவே உதவுகிறது: உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கிறது.

மின்வெட்டுக்கும் இதற்கும் உள்ள உறவையும் சொல்ல வேண்டும். ஓட்டம் நின்ற மூடிய ஃபில்டருக்குள் பிராணவாயு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். உள்ளே உள்ளவை திணறிச் சாக ஆரம்பிக்கும். மின்சாரம் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். டிசம்பரில் என் ஃபில்டர் பாதி செத்திருந்தது, மீன்கள் களைத்திருந்தன, அந்த நேரத்தில் ஒரு புதுக் கூட்டத்தையும் கொண்டுவந்து விட்டேன். இப்போது மின்சாரம் போனால் முதலில் ஸ்பாஞ்சை வெளியே எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே மிதக்க விடுகிறேன்.

ஆகவே காலித் தொட்டியில் காத்திருப்பது என்றால் மோட்டாரை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது அல்ல. மீன் இல்லாவிட்டாலும் நுண்ணுயிர்களுக்குத் தீனி வேண்டும். அதற்கு நான் பயன்படுத்துவது அமோனியம் குளோரைடு, அதாவது நம் நவச்சாரம். நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைக்கும். கலப்படம் இருக்கலாம் என்பதால் ரசாயனக் கடையில் சுத்தமானதை வாங்குவது நல்லது. நூறு லிட்டருக்கு 0.6 கிராம் போட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் அமோனியா வரும். பழைய ஃபில்டர் உயிரோடு இருந்தால் இரண்டு நாளுக்கொரு முறை இதைக் கொடுத்து வந்தால் போதும். புதிதாகத் தொடங்குபவர்கள் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். சாயங்காலம் போட்ட நவச்சாரம் மறுநாள் சாயங்காலத்துக்குள் அமோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டினால் தொட்டி சைக்கிள் ஆகிவிட்டது, அதாவது மீனுக்குத் தயார். முதல் பத்து நாள் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகு அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறி நிற்கும், ஒருநாள் அதுவும் இறங்கும்.

இரண்டாம் முறை நான் இப்படிக் காத்திருந்த நாட்களில் பக்கத்து வீட்டுச் சிறுமி தினமும் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்ப்பாள். "மீனே இல்லையே மாமா, மோட்டார் எதுக்கு ஓடுது?" என்று கேட்டாள். சோதனைக் குழாயில் சொட்டு விட்டு நிறம் மாறுவதைக் காட்டினேன். முதல் வாரம் பச்சை, நான்காம் வாரம் மஞ்சள். "அப்ப யாரோ சாப்பிடுறாங்க" என்றாள்.

தெரிந்தவர் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வாங்கிப் போட்டால் நான்கு வாரம் ஒரு வாரமாகச் சுருங்கும். உண்மை. ஆனால் அவர் தொட்டியில் என்ன நோய் இருக்கிறதோ அதுவும் கூடவே வரும். ஆறு மாதமாகப் புது மீன் சேராத, சாவு இல்லாத தொட்டி என்றால் மட்டும் வாங்குவேன். புட்டியில் விற்கும் பாக்டீரியாவைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வெயிலில் லாரியில் வந்து, கடை அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற புட்டிக்குள் எது உயிரோடு இருக்கிறது என்பதைச் சோதனைக் குழாய்தான் சொல்ல வேண்டும்.

கழுவியே ஆகவேண்டிய நோய் என்றால் முறையாகக் கழுவ வேண்டும். புதிதாகப் பிரித்த ப்ளீச்சிங் பவுடரில் குளோரின் 30 விழுக்காட்டுக்குப் பக்கம் இருக்கும்; திறந்து வைத்த பொட்டலத்தில் வீரியம் போயிருக்கும். நூறு லிட்டருக்கு 70 கிராம் போட்டால் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் வரும். ஒரு மணி நேரம் ஊறினால் போதும். ஆனால் அதற்கு முன்பே கசடும் பாசியும் தேய்த்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். கழிவறை ஆசிட்டைக் கூடவே ஊற்றிவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். சன்னல் திறந்திருக்கட்டும். பிறகு மூன்று நான்கு தண்ணீரில் அலசி, இரண்டு நாள் நல்ல வெயில். மரத்துண்டைக் குளோரினில் ஊறவைக்கக் கூடாது, உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்லக் கக்கும். வலை, வாளி, தெர்மாமீட்டர், ஏர் கல் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். தொட்டியைப் பளிச்சென்று கழுவிவிட்டுப் பழைய வலையை அப்படியே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

நிரப்பும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரினுக்கு ஹைப்போ போட வேண்டும். கடைகளில் ஆன்ட்டி குளோரின் என்று நீலமாகவோ நிறமில்லாமலோ விற்பதில் பெரும்பாலும் அதுதான் கரைந்திருக்கும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, உப்பும் சுண்ணாம்பும் உண்டு. சிலர் நல்லது என்று நினைத்துக் கேன் தண்ணீரை மட்டும் ஊற்றுகிறார்கள். அதில் காரத்தன்மையைத் தாங்கும் சரக்கு கிட்டத்தட்ட கிடையாது. ஃபில்டர் உயிர்கள் வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகும். தாங்க ஒன்றும் இல்லாததால் பிஎச் 6க்குக் கீழே சரிந்து, அவை வேலையை நிறுத்திவிடும். பாதிப் போர், பாதிக் கேன் என்று கலப்பது பல வீடுகளில் சரியாக வருகிறது.

இப்போது மீன் வாங்கும் இடம். சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர். அங்கும் அதைச் சுற்றிச் செங்குன்றம் பக்கத்துக் கிராமங்களிலும் வீட்டுக் கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் பெருக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய கைத்திறமைமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தாய் மீனைப் பார்த்தே குட்டி போடும் நாளைச் சொல்வார்கள். நோய் அவர்களிடம் பிறப்பதைவிட வழியில் சேர்வதே அதிகம். பண்ணையிலிருந்து மொத்த வியாபாரி, அங்கிருந்து சில்லறைக் கடை, பிறகு நம் வீடு என்று ஒரே வாரத்தில் மூன்று தண்ணீர் மாறுகிறது. ஒவ்வொரு இடத்திலும் பத்து ஊர் மீன் ஒரே வலையில் கலக்கிறது. இதைத் தாங்க வியாபாரச் சங்கிலி முழுக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அள்ளிப் போடப்படுகிறது. கடையில் மஞ்சள் தண்ணீரில் துள்ளிய மீன், நம் வீட்டின் மருந்தில்லாத தண்ணீரில் பத்தாம் நாள் சுருண்டு விழுவதற்கு இதுவும் காரணம். நாமும் கடைக்காரர் சொன்ன கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டுகிறோம். பெயர் தெரியாத நோய்க்கு டெட்ராசைக்ளின் போடுவதால் கிருமிக்கு மருந்து பழகுகிறது, ஃபில்டர் உயிர்களும் அடிபடுகின்றன. மெத்திலீன் ப்ளூவும் ஃபில்டரைக் கெடுக்கும். அதைத் தனி வாளியில் மட்டும் பயன்படுத்த வேண்டும்.

பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு இந்தப் பாடம் எப்போதோ தெரியும். ஒரு தொகுதிக் குஞ்சு ஒன்றாக உள்ளே வரும், ஒன்றாக வெளியே போகும். கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் காலியாக விட்டுத்தான் அடுத்த தொகுதி. வீட்டுத் தொட்டிக்காரர்கள் நாம் வாரம் இரண்டு மீன் என்று வாங்கிச் சேர்க்கிறோம். ஒவ்வொரு இரண்டும் ஒரு புதிய ஊரிலிருந்து. மறுபடி மீன் விடும்போது இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும்: ஒரே கடை, ஒரே தொகுதி, வாங்குவதற்கு முன் அந்த மீன் கடைக்கு வந்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும்.

வாங்கினால் நேராகத் தொட்டிக்கு அல்ல. 40 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு, மேலே ஒரு மூடி. நான்கு வாரம். மண், கல், அலங்காரம் எதுவும் வேண்டாம். அடியில் விழும் கழிவு தெரிய வேண்டும். வெண்புள்ளி இருந்தால் பத்து நாளுக்குள் காட்டிக்கொடுக்கும். காலம்னாரிஸ் முதல் வாரத்திலேயே வரும். குடற்புழு பொறுமையாக மூன்றாம் நான்காம் வாரத்தில், கப்பியின் ஆசனவாயில் சிவப்பு நூல்போலத் தலை நீட்டும். அதற்கு லெவாமிசோல் என்ற கால்நடைப் புழு மருந்து இருக்கிறது. இரண்டு வாரத்தில் முடித்துக்கொள்பவர்களுக்கு இந்தப் புழு தப்பிவிடும். இந்த டப்புக்குத் தனி வலை, தனி வாளி. தொட்டி வேலையை முதலில் முடித்துவிட்டு டப் வேலையைக் கடைசியில் செய்ய வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கும் டியூபிஃபெக்ஸ் புழுவையும் இந்த மாதங்களில் நிறுத்திவிட்டேன். அவை சாக்கடைச் சேற்றில் வளர்பவை. எவ்வளவு அலசினாலும் என்ன வருகிறது என்று சொல்ல முடியாது.

பிழைத்த மீன்களை என்ன செய்வது என்பதுதான் மனதைப் பிசையும் கேள்வி. என் இரண்டு கௌராமிகள்போல வெண்புள்ளியில் தப்பியவற்றுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும். மருந்து முழுச் சுற்றுக்கும் கொடுக்கப்பட்டு, ஒரு மாதம் புள்ளி இல்லாமல் இருந்தால் அவை திரும்பி வரலாம். ஹெர்பீஸில் பிழைத்த தங்கமீனும், காசநோய்த் தொட்டியில் மிஞ்சியவையும் தனியாகவே வாழ்ந்து முடியட்டும். அவற்றோடு புதிது சேர்க்க வேண்டாம். ஐயம் இருந்தால் ஒன்றிரண்டு புது மீனை மட்டும் பழைய மீனோடு மூன்று வாரம் விட்டுப் பார்ப்பது பண்ணைகளில் உள்ள வழக்கம். எனக்கு அது சுலபமாக இல்லை, ஆனாலும் பன்னிரண்டைப் பலி கொடுப்பதைவிட மேல். வேண்டாம் என்று முடிவு செய்த மீனை ஏரியில் கொண்டுபோய் விடுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. டேங்க் கிளீனர் என்று நாம் வாங்கும் தென்னமெரிக்கக் கெளிறு இன்று தமிழக ஏரி குளங்களில் வலையைக் கிழித்துக்கொண்டு பெருகியிருப்பது இப்படித்தான். செத்த மீனையும் தொட்டித் தண்ணீரையும் மழைநீர் வாய்க்காலில் விடாதீர்கள். மீனை ஆழமாகப் புதையுங்கள், தண்ணீரில் குளோரின் கலந்து கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள்.

எண்ணிக்கையில் சிக்கனம் வேண்டும். ஃபில்டர் உயிர்கள் எவ்வளவு தீனிக்குப் பழகியிருக்கின்றனவோ அவ்வளவுக்குத்தான் இருக்கும். 110 லிட்டர் தொட்டிக்கு முதல் தவணை ஆறு சின்ன மீன். இரண்டு வாரம் அமோனியா பூஜ்யம் காட்டினால் அடுத்த ஆறு, அதுவும் டப்பில் ஒரு மாதம் இருந்த பிறகு. பெரிய மீனும், இடத்துக்குச் சண்டை போடுவதும் கடைசியில். அவசரமில்லாத இந்தக் கணக்கில் தொட்டி நிறைய நான்கைந்து மாதம் ஆகிறது.

இரண்டாவது முறை நான் தொட்டியை மீனில்லாமல் ஓடவிட்டது நாற்பத்தொரு நாள். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டப்பில் முப்பது நாள் முடித்த ஆறு மோலிகளைக் கப்பில் மொண்டு கொண்டுவந்தேன். தொட்டித் தண்ணீரைச் சிறுகச் சிறுக அந்தக் கப்பில் ஊற்றி முக்கால் மணி நேரம் பழக்கினேன். பிறகு வலையில் அள்ளி, டப் தண்ணீர் ஒரு சொட்டும் விழாமல் உள்ளே விட்டேன். ஆறும் மரத்துண்டுக்குப் பின்னால் ஓடி மறைந்தன. சாயங்காலம் அந்தச் சிறுமி வந்தபோது ஒன்று மட்டும் வெளியே வந்து, பழுப்பு ஸ்பாஞ்சை மெல்லக் கொத்திக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அமோனியா பார்த்தேன். மஞ்சள்.